இரண்டாள் உயரம்

ஜூலை 7

இந்த நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்கப் போகிறேன். யாராவது படித்தால் அம்மாவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

அம்மா சரக்கு ரயில் ஓட்டுகிறவள். போன மாதம் நல்லாம்பேட்டை ரயில்வே கேட்டுக்கு முன்னால் உள்ள வளைவில் அவள் ஓட்டி வந்த வண்டியில் ஒரு பெண் அடிபட்டு இறந்துபோனாள். பூங்காவனம் என்று பெயர். தற்கொலை என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அம்மா மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போகவில்லை. தட்டில் போட்டுக் கொடுத்ததைக் கோழிக்குப் போடுகிறாள்.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்கதவைத் திறந்தால் தண்டவாளம். தூங்கும்போது அம்மாவின் முந்தானையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறேன். அவள் எழுந்தால் எனக்குத் தெரியவேண்டும்.

ஜூலை 9

அம்மா இன்று தானாக எழுந்து குளித்தாள்! பள்ளியிலிருந்து வந்தபோது பரணிலிருந்து பழைய கதவுப் பலகையை இறக்கி இரண்டு ஸ்டூல் மேல் போட்டிருந்தாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் எனக்காகப் பொம்மை ரயில் பாதை போட ஆரம்பித்தாள். தண்டவாளம் மட்டும் ஒட்டியதோடு நின்றுபோயிருந்தது.

“தமா, நீ கைவேலைல கெட்டிக்காரி. இதுல மண்ணு, மரம், செடியெல்லாம் வைக்கலாமா? நிஜமாட்டம் இருக்கணும்.”

“எந்த ஊரும்மா செய்யலாம்? ஊட்டியா?”

“நம்ம ஊருதான்.”

எதுவாக இருந்தால் என்ன. அம்மா பேசிவிட்டாள்.

ஜூலை 11

வேலை நிறைய. ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்து செம்மண் அள்ளிவந்து அப்பாவின் பழைய வேட்டியில் சலித்தோம். பலகையில் பசை தடவி மண்ணைத் தூவினால் காய்ந்ததும் கையோடு வந்துவிடுகிறது. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பசையில் தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, மருந்து சொட்டுகிற மாதிரி மண் மேல் விடவேண்டும். சோப்பு இல்லாவிட்டால் மண்ணில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. சோப்பு விட்டால் உடனே உள்ளே இறங்கிவிடுகிறது.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்து மிக்சியில் அரைத்தேன். இலைக்கு.

“நாளைக்குச் சட்னில நுரை வரும் பாரு” என்றாள் அம்மா.

நான் ஈர்க்குச்சியில் நூல் சுற்றி, காகிதத்தை வெட்டி ஒரு பனைமரம் செய்து காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது பனைமரமாடி? கக்கூஸ் பிரஷ்ஷு.”

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 12

அப்பா போன் செய்தார். “அம்மா எப்படிடா இருக்கா?” என்று கேட்டார். நல்லாருக்காங்கப்பா என்றேன். இரண்டு இட்லி சாப்பிட்டாங்க என்றும் சொன்னேன். அது பொய்யில்லை.

ஜூலை 14

இது எங்கள் ஊர் இல்லை. அந்த வளைவு.

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அம்மா பழைய தண்டவாளத்தைப் பிடுங்கி வளைத்து ஒட்டியபோதே தெரிந்திருக்க வேண்டும். இன்று அம்மா ஐஸ் குச்சியை வெட்டி ஒரு சின்னப் பலகை செய்து பாதையோரம் நட்டாள். கேட் வருவதற்கு முன்னால் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவேண்டிய இடத்தைக் காட்டுகிற பலகை அது. அதைத் தாண்டி வளைவு. வளைவின் நடுவில் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிப் போகிற ஒற்றையடிப் பாதை. அதைத் தீக்குச்சி முனையால் கீறினாள். ஒரே இழுப்பில், பிசகாமல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு தீக்குச்சியைப் பாதியாக உடைத்துப் பாதை மேல் நட்டாள். இந்த அளவு ரயிலுக்கு அரைத் தீக்குச்சிதான் ஓர் ஆள் உயரம்.

“இவ இங்க வந்தா. நான் அங்கேருந்து வந்தேன். நடுவுல சீமைக்கருவேலம். அது எவ்வளவு உசரம் இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமில்ல தமா. தினம் பார்க்குற இடம். தினம் பார்க்குறத யாரு பார்க்குறா?”

“தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போற?”

“அவ எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருப்பாளான்னு பார்க்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

அவளால் அங்கே போக முடியாது. வாசல் தாண்டினாலே வாந்தி வருகிறது. என் பஸ் நல்லாம்பேட்டை கேட்டில் நின்று போகிறது. இறங்கிப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

ஜூலை 15

போனேன்.

கேட்டில் என்னோடு இன்னொரு பெண்ணும் இறங்கினாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு கோபிகா. பூங்காவனத்தின் மகள். போன மாதம் பிரேயரில் அவள் அம்மாவுக்காக எல்லோரும் மௌனமாக நின்றோம். நான் யார் என்பது அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் அவளைத் தெரியாது. இறந்தவளுக்கு ஒரு மகள் இருப்பதை நான் வீட்டில் சொல்லவே இல்லை.

“எங்கக்கா போறீங்க?”

“சயின்சுக்குச் செடி பறிக்கணும்.”

அவளும் கூடவே வந்தாள். கேட்காமலே கைகாட்டினாள். “அங்கதான்க்கா எங்கம்மா.”

சீமைக்கருவேலம் பாதையின் இரண்டு பக்கமும் இருந்தது. என் இடுப்புக்குத்தான் வந்தது. வளைவு முழுவதும் தெரிந்தது. ஹாரன் பலகையும் தெரிந்தது.

கோபிகா நிறையப் பேசுகிற பெண். “அன்னிக்கு எங்கம்மா ஆட்டையெல்லாம் சீக்கிரமே கட்டிருச்சு. எனக்கு ரெட்டை சடை பின்னிச்சு. சாயங்காலத்துல யாருக்கா தலை பின்னுவாங்க? சோறு ஊட்டிவிட்டுச்சு. தண்ணி எடுத்தாறேன்னு போச்சு. கொடத்தை வூட்லயே மறந்துட்டுப் போயிடுச்சு.”

நான் ஒரு செடியை ஒட்டி நின்று உயரம் பார்த்தேன்.

“எங்கம்மாவே போயி நின்னுச்சுன்னு ஊர்ல பேசறாங்கக்கா. கிளாஸ்லயும் சொல்றாங்க. என்னைய வேணாம்னு போயிடுச்சாம். அப்டி இருக்குமாக்கா?”

தெரியாது என்றேன். செடி பறிப்பதுபோல் குனிந்து கையில் முள் குத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “பார்த்தியா? எவ்வளவு இருக்கு?”

இடுப்பளவு என்று சொன்னால் பூங்காவனம் அம்மாவின் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பாள் என்று ஆகிவிடும். அப்புறம் அம்மா என்ன செய்வாள்? பின்கதவைத் திறந்தால் தண்டவாளம்.

“ரெண்டாள் உயரம்மா. ஒண்ணுமே தெரியல” என்றேன்.

ஜூலை 19

செப்புக் கம்பியை முறுக்கி, கிளை பிரித்து, பசையில் தோய்த்து ஸ்பாஞ்சுத் தூளில் புரட்டுகிறேன். சீமைக்கருவேலத்துக்குத் தூள் அதிகம் ஒட்டக்கூடாது. வெளிச்சம் புகுந்து வரவேண்டும். ஒவ்வொன்றும் முழுத் தீக்குச்சி உயரம். கோணி நூலைப் பொடியாக நறுக்கி அடியில் காய்ந்த புல் வைத்தேன். தண்டவாளத்தின் பக்கவாட்டில் அம்மா துருநிறம் தீட்டினாள். ஜல்லிக்கு, மண் சலித்தபோது தங்கிய குருணைக் கல். ஜல்லி மேல் எண்ணெய்க் கறை வேண்டும் என்று விளக்குக் கரியைக் குழைத்துத் தடவினாள்.

பார்த்தால் அப்படியே இருக்கிறது. நான் செய்தவற்றில் இதுதான் மிக அழகானது. கோபிகா பார்த்தால் இடத்தைச் சொல்லிவிடுவாள். செடியைப் பார்த்து மட்டும் குழம்பிப்போவாள்.

ஜூலை 24

முடிந்தது. அம்மா இஞ்சினை ஹாரன் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். முட்டிபோட்டு, கன்னத்தைப் பலகையில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இஞ்சின் ஜன்னல் உயரத்திலிருந்து பார்த்தாள். இஞ்சினை விரலால் கொஞ்சம் தள்ளினாள். மறுபடி பார்த்தாள். வளைவு முடியும்வரை இப்படியே நகர்ந்து நகர்ந்து போனாள்.

“தெரியல” என்றாள். “கிட்ட வர்றவரைக்கும் தெரியல தமா. எனக்குத் தெரியவே இல்ல.”

அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, “ரசம் இருக்கா?” என்று கேட்டாள்.

ஜூலை 25

இரண்டு வேளையும் சாப்பிட்டாள். எனக்குத் தலை வாரினாள். பேன் இருக்கிறதென்று திட்டினாள்.

ஜூலை 28

மறுபடி வேலையில் சேர மருத்துவச் சான்று வாங்கப் போகலாம் என்று இன்று அவளே சொன்னாள். வாந்தி எடுக்காமல் தெருமுனைவரை நடந்தோம். பக்கத்து வீட்டு மேரி அத்தை, “என்ன வாசுகி, வெயில்ல வந்து கருத்துப் போயிடாத” என்று கிண்டல் செய்தார். அம்மா, “நீங்க இருக்கறப்ப எனக்கென்னக்கா கவலை, பக்கத்துல நின்னா நான் செவப்பு” என்றாள்.

பொய் சொன்னது நல்லதுதான். இதை எழுதும்போது பயமே இல்லை. முந்தானையை இன்று கட்டிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 2

எப்படி எழுதுவது.

பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா பலகைக்கு அந்தப் பக்கம் முட்டிபோட்டிருந்தாள். இஞ்சின் பக்கம் இல்லை. பாதிக் குச்சியின் பக்கம். பூங்காவனத்தின் தலை இருக்குமிடத்தில் கண்ணை வைத்திருந்தாள்.

“அம்மா?”

“இங்கேருந்து என் வண்டியும் தெரியல” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் திரும்பாமலே பேசினாள்.

“ரெண்டாள் உசரச் செடி. எனக்கு அவ தெரியல, சரி. அவளுக்கும் நான் தெரியலையே. வண்டி வர்றதே தெரியாம ஒருத்தி எப்படிடி சாகறதுக்கு வந்து நிப்பா? அவ சும்மா தாண்டியிருக்கா. வூட்டுக்குப் போறவ. காதுல ஹாரன் விழுந்திருந்தா தாண்டாம நின்னிருப்பா. ஹாரன் மட்டுந்தான் அவளுக்கு இருந்துச்சு.”

“நீதான் அடிச்சல்ல?”

“அடிச்சேன்னுதான் விசாரணைல சொன்னேன்.” பாதிக் குச்சியை விரலால் தொட்டாள். “அடிச்சேனா தமா? தினம் அடிக்கிற இடம். நேத்து அடிச்சதும் அன்னிக்கு அடிச்சதும் ஒண்ணாட்டம் இருக்கு. அந்தப் பழைய இஞ்சின்ல அது பதிவாகவும் ஆகாது. நான் யோசிச்சுப் பார்க்கறப்ப கையி மேல போற மாதிரி இருக்கு. சத்தம் மட்டும் கேக்கல.”

இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி பார்ப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. செடிகளை நான் அம்மாவுக்காக மட்டும் வைத்தேன்.

ஆகஸ்ட் 3

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

“அம்மா, செடி ரெண்டாள் உயரமில்ல. என் இடுப்பளவுதான். நான்தான் பொய் சொன்னேன். அவங்களுக்கு வண்டி நல்லாத் தெரிஞ்சிருக்கும்.”

அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். “எனக்காகப் பொய் சொல்றியா கண்ணு?”

“இப்ப சொல்றது பொய் இல்லம்மா! அன்னிக்குச் சொன்னதுதான் பொய்.”

“சரி சரி. அழாத.”

நம்பவில்லை. முதலில் சொன்ன பொய்யை நம்பியவள் உண்மையை நம்பவில்லை. நான் கத்தினேன். அவங்க ஆட்டையெல்லாம் முன்னாடியே கட்டிட்டாங்க, சாயங்காலத்துல தலை பின்னிவிட்டாங்க, சோறு ஊட்டினாங்க, குடமில்லாமத் தண்ணிக்குப் போனாங்க, அவங்க பொண்ணே சொன்னா என்று கத்தினேன்.

அம்மாவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டது.

“பொண்ணு இருக்கா?”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“எந்தக் கிளாசு?”

ஆகஸ்ட் 4

“கொடத்தை மறந்துட்டுப் போயிருக்கா. அதை எடுக்கத்தான் அவசரமாத் திரும்பியிருக்கா.” இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். முந்தானையைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

அப்பாவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். “ஏன்டா இத்தனை நாளா சொல்லல?” என்று கேட்டார், திட்டவில்லை. சனிக்கிழமை வருகிறார்.

ஆகஸ்ட் 7

அப்பா வரும்வரை அம்மா காத்திருக்கவில்லை. காலையில் நான் பையை மாட்டியதும் அவளும் செருப்பைப் போட்டாள். பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். “இறங்கிடலாம்மா” என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. இடத்தைப் பார்த்தால் செடியின் உயரத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.

செடி இல்லை. அடிபட்ட இடம் என்று ரயில்வே ஆட்கள் வந்து வளைவு முழுவதையும் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள். வெறும் கட்டைதான் இருந்தது. வருடா வருடம் வெட்டி வெட்டித் துளிர்த்த கட்டை, என் தொடையளவு பருமன். அம்மா அதன் மேல் கை வைத்தாள்.

“இவ்வளவு பருமன். ரெண்டாளுக்கு மேலயே இருந்திருக்கும்.”

“இல்லம்மா. பழைய கட்டைம்மா. மேல சின்னதாத்தான் இருந்துச்சு.”

அவள் ஊருக்குள் நடந்தாள்.

கோபிகாவின் வீட்டு வாசலில் அவளுடைய பெரியம்மா சாணி தெளித்துக்கொண்டிருந்தார். கோபிகா யூனிஃபார்மில் உட்கார்ந்து ஒற்றைச் சடையைத் தானே பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “அக்கா! இன்னிக்கும் சயின்சா?” என்று எழுந்து வந்தாள்.

அம்மா அவள் எதிரில், சாணி ஈரத்திலேயே முட்டிபோட்டாள். “நான்தான் அந்த வண்டிய ஓட்டுனவ” என்றாள்.

பெரியம்மாவின் கையிலிருந்து வாளி விழுந்தது. “இங்க எதுக்குடி வந்த?” என்று கத்தினார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தேன். நகரவே இல்லை. கோபிகாவை மட்டும் பார்த்துப் பேசினாள்.

“உங்கம்மா நிக்கல கண்ணு. செடி மறைச்சிருச்சு. வண்டி வர்றது அவங்களுக்குத் தெரியல. நான் ஹாரன் அடிச்சிருக்கணும், அடிக்கல. அவங்க வூட்டுக்குத்தான் வந்தாங்க.”

கோபிகா பாதி பின்னிய சடையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

“கொடத்தை எடுக்கவா?”

“ஆமாம்மா. கொடத்தை எடுக்க.”

எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. இடுப்பளவுதான், நீயும்தானே என்னோடு நின்றாய், ஹாரன் பலகைவரை தெரிந்ததே, உங்கம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று. வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது, அதோடு சிரிக்கிறாள். “பெரீம்மா, கேட்டியா! எங்கம்மா கொடத்தை எடுக்கத்தான் வந்துச்சாம்! நா சொன்னேன்ல!” என்று கூடியிருந்த ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். யாராவது இல்லை என்று சொல்வார்களா என்று பார்த்தாள்.

யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெரியம்மா அம்மாவின் தலைமுடியைப் பிடித்துக் குலுக்கி முதுகில் அடித்தார். அம்மா தடுக்கவில்லை. ஓர் ஆள்தான் வந்து விலக்கிவிட்டார். பஸ்ஸுக்கு நடக்கும்போது அம்மா, “அந்தப் பொண்ணு நல்லா சாப்புடுவா இனிமே” என்றாள்.

ஆகஸ்ட் 9

அப்பா வந்துவிட்டார். அம்மாவை மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடிக்கவில்லை என்று அம்மா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஞாபகமில்லை என்றாவது எழுதக்கூடாதா என்று அப்பா கேட்டார்.

“அடிக்கலங்கறதுக்கும் ஞாபகமில்லங்கறதுக்கும் நடுவுல அந்தப் பொண்ணு நிக்குதுங்க” என்றாள்.

இனி அம்மா ரயில் ஓட்டமாட்டாள்.

ஆகஸ்ட் 13

நான் அந்த வண்டி ஓட்டியவளின் மகள் என்று பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. இடைவேளையில் கோபிகா வந்து தூரமாக நின்றாள். என்னோடு பேசக்கூடாது என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாராம்.

“எங்கம்மா என்னைய வேணாம்னு போச்சுன்னு இப்ப யாரும் சொல்றதில்லக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

ஆகஸ்ட் 16

அம்மாவும் அப்பாவும் இன்று டாக்டரிடம் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும்.

உயரமான செடிகளைப் பிடுங்கிவிட்டு, கம்பியைக் கால் தீக்குச்சி அளவுக்கு வெட்டிப் புதுச் செடிகள் செய்தேன். அன்று பார்த்தபடியே, இடுப்பளவு. பாதையின் இரண்டு பக்கமும் நட்டேன். இஞ்சினை ஹாரன் பலகைக்கும் அப்பால் நிறுத்தினேன். முட்டிபோட்டு, பூங்காவனத்தின் தலை இருக்குமிடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

இஞ்சின் நன்றாகத் தெரிந்தது. வளைவு ஆரம்பிக்கும் முன்பிருந்தே தெரிந்தது. தண்டவாளத்தை விட்டுப் பின்னால் போய் நின்றுகொள்ள அவளுக்கு நிறைய நேரம் இருந்திருக்கும்.

தெருமுனையில் அம்மாவின் குரல் கேட்டது. அவர்கள் வந்து கதவைத் தட்டுவதற்குள் குட்டைச் செடிகளையெல்லாம் பிடுங்கிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டாள் உயரச் செடிகளைப் பழைய ஓட்டைகளிலேயே நட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொட்டுப் பசை விட்டேன்.